பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து எழுதும் ‘அ’

“எம்பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்கான், கம்ப்யூட்டர் படிக்க வெச்சா நல்லா வருவான்.” கோலாலம்பூரில் தமிழ்ப் பெற்றோர் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். அதில் பாதி சரி. பிள்ளைக்குத் திரைமேல் ஆசை இருக்கிறது. ஆனால் காணொளி பார்ப்பதும் கேம் விளையாடுவதும் வேறு, கணினி அறிவியல் வேறு. முதலாவதில் பிள்ளை, யாரோ செய்துவைத்ததை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவதில் அது தானே செய்ய வேண்டும். அந்தப் பக்கம் போகும் ஆசையை எப்படி மூட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணினி அறிவியலை இரண்டு கேள்விகளாகச் சுருக்கிச் சொல்லலாம். எழுத்து, படம், ஓசை, நாம் நடக்கிற நடை என எதையும் எண்களாக எப்படி வைப்பது? அந்த எண்களைக் கொண்டு ஒரு வேலையை முடிக்க, எந்தக் கட்டளைகளை எந்த வரிசையில் கொடுப்பது? இணையமும் செயற்கை நுண்ணறிவும் இந்த இரண்டின் மேல் எழுந்தவைதான். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியவைக்க முடியும். வாயால் மட்டும் சொல்லிப் புரியவைப்பதுதான் கடினம், செய்துபார்க்க வைக்க வேண்டும்.

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் 2017 முதல் படிவம் 1 இல் ‘அசாஸ் சாயின்ஸ் கொம்புத்தர்’ (கணினி அறிவியல் அடிப்படை) என்ற பாடம் உண்டு. எல்லாப் பள்ளியிலும் கிடையாது. கிடைக்கும் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே இரும எண்களை, அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதும் எண்களைச் சந்திக்கிறார்கள். பாடத்திட்டத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அது பிள்ளையின் கைக்கு வந்து சேரும் விதம்தான் வருத்தம். 13 ஐ இரண்டால் வகு, மீதியை எழுது, மறுபடி வகு, மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படி: 1101. தேர்வுக்கு இது போதும், மதிப்பெண்ணும் வரும். 1101 என்று ஏன் எழுதவேண்டும், அதனால் யாருக்கு என்ன பயன் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டால் விழிக்கும். இப்படி மூன்று ஆண்டு போனால், படிவம் 4 இல் கணினி அறிவியலை எடுப்பாயா என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்ற பதில்தான் வரும்.

செய்முறையாகக் கற்பிப்பது என்றதும் பலர் ரோபோவையும் விலையுயர்ந்த பெட்டிகளையும் நினைக்கிறார்கள். கருவி கையில் இருப்பதாலேயே அது செய்முறைக் கல்வி ஆகிவிடாது. விளக்கத்தாளைப் பார்த்து, பாகம் 7 ஐப் பாகம் 12 இல் பொருத்து என்பதை அப்படியே செய்து, ஓடுகிற வண்டியோடு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளை அன்றைக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கணினி அறிவியல் எதையும் அது தொட்டிருக்காது, ஏனென்றால் அது எதையும் ஊகிக்கவில்லை. செய்முறையின் உயிர் ஊகத்தில் இருக்கிறது. என்ன நடக்கும் என்று பிள்ளை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு செய்து பார்க்க வேண்டும். சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று ஏன் என்று தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் ஆசை பிறக்கிறது. சம்பளத்தைச் சொல்லி ஆசை காட்டுவதைவிட இதற்கு வலு அதிகம் என்பது என் திடமான கருத்து.

சின்ன எடுத்துக்காட்டு ஒன்று. அடுக்குமாடியின் கீழே பூப்பந்துத் திடலில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். “நீ ஓர் இயந்திரம். நான் சொல்வதை மட்டும் செய்” என்று சொல்லிவிட்டு, மற்றப் பிள்ளைகளிடம் சதுரம் வரையும் கட்டளைகளைக் கேளுங்கள். ‘முன்னே நான்கு அடி, வலப்பக்கம் 90 பாகை திரும்பு, இதை நான்கு முறை செய்.’ இது எளிதில் வந்துவிடும். அடுத்து, மூன்று பக்கமும் சமமான முக்கோணம். ஆண்டு 5, ஆண்டு 6 பிள்ளைகளில் பெரும்பாலோர் “60 பாகை திரும்பு” என்பார்கள். கணக்குப் பாடத்தில் அந்தக் கோணம் 60 என்று படித்திருக்கிறார்களே! நடக்கிற பிள்ளை 60 பாகை திரும்பி, மறுபடி நடந்து, மறுபடி திரும்பி, முக்கோணம் மூடாமல் எங்கோ போய் நிற்கும். அங்கே கூச்சல் எழும். உள்ளே இருக்கும் கோணம் 60. ஆனால் நேராகப் போய்க்கொண்டிருக்கிறவர் திரும்ப வேண்டிய அளவு, 180 இல் மீதி 120. இதை நீங்கள் சொல்லவே வேண்டாம். சாக்குக்கட்டியைக் கொடுத்து ஒதுங்கி நின்றால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இந்த விளையாட்டுக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1967 இல் அமெரிக்காவில் வாலி ஃபியூர்சிக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்கென்றே லோகோ என்ற நிரல்மொழியை, அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் மொழியை உருவாக்கினார்கள். ‘ஆமை’ என்று பெயரிட்ட ஒரு சிறு இயந்திரம் அந்தக் கட்டளைகளின்படி தரையில் நகர்ந்து கோடு போட்டது, பிறகு அதுவே திரைக்குள்ளும் போனது. ஆமை என்ன செய்யும் என்று புரியாத பிள்ளை எழுந்து தானே நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது பேப்பர்ட்டின் அடிப்படை எண்ணம். 2007 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் வெளியிட்ட, கட்டளைத் தொகுதிகளை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்ச் அந்த வழியில் வந்ததுதான். கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் பயிற்சிகளை நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் வளர்த்தெடுத்தார்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்து நான் சொல்லப்போகும் அட்டை விளையாட்டின் முதல் பாதி அங்கிருந்து வந்தது.

பழைய நாள்காட்டி அட்டையில் ஐந்து துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் அட்டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் 2, பிறகு 4, 8, 16. ஐந்து பிள்ளைகளை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, 16 இடப்பக்க ஓரத்திலும் 1 வலப்பக்க ஓரத்திலும் வருமாறு அட்டைகளைக் கொடுங்கள். விதி ஒன்றே ஒன்று: எழுந்து நின்றால் உன் புள்ளிகள் கணக்கில் சேரும், உட்கார்ந்தால் சேராது. பாதி நிற்பது கிடையாது.

9 வேண்டும் என்று கேளுங்கள். 8 உம் 1 உம் நிற்பார்கள். 21? கொஞ்சம் தள்ளுமுள்ளுக்குப் பிறகு 16, 4, 1. இப்போது ஊகிக்கச் சொல்லுங்கள். இந்த ஐந்து பேரால் காட்டக்கூடிய மிகப் பெரிய எண் எது? 50 என்றும் 100 என்றும் குரல்கள் வரும். எல்லாரும் நின்றால் 31 தான். ஒரே எண்ணை இரண்டு விதமாகக் காட்ட முடியுமா? முயன்று பார்க்கட்டும், முடியாது. ஆறாவது பிள்ளை வந்தால் அதன் அட்டையில் எத்தனை புள்ளி? “32!” என்று யாராவது கத்துவார்கள். ஒவ்வோர் அட்டையும் முந்தியதைப் போல இரண்டு மடங்கு என்பதை அவர்களே பிடித்துவிட்டார்கள். நிற்பவருக்கு 1, உட்கார்ந்தவருக்கு 0 என்று பலகையில் எழுதினால் 13 என்பது 01101. பள்ளியில் வகுத்து வகுத்து எழுதிய அதே எண், முன்னால் சுழி ஒன்றோடு.

பல இடங்களில் பாடம் இத்தோடு நின்றுவிடுகிறது. எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். உலகத்தின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுத் தரத்துக்கு யூனிகோடு என்று பெயர். அதில் நம் ‘அ’வின் எண் 2949. ‘ஆ’ 2950, ‘இ’ 2951, ‘ஈ’ 2952. இப்போது அட்டைகளை 2048 வரை நீட்டுங்கள். பன்னிரண்டு அட்டை, பன்னிரண்டு பிள்ளை. பெரிய அட்டைகளில் புள்ளி வைக்க இடம் போதாது, எண்ணாகவே எழுதிவிடலாம். “2949 ஐக் காட்டுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

பெரிய எண்ணிலிருந்து தொடங்குவதுதான் எளிது என்று எப்படியும் ஒரு பிள்ளை கண்டுகொள்ளும். 2048 நிற்கட்டும், மீதி 901. 1024 க்கு இடமில்லை, உட்கார். 512 நில், மீதி 389. 256 நில், மீதி 133. 128 நில், மீதி 5. 64, 32, 16, 8 நால்வரும் உட்கார வேண்டும். 4 நில், 2 உட்கார், 1 நில். ஆறு பேர் நிற்கிறார்கள், ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பலகையில் 101110000101 என்று எழுதி, அதன் கீழே பெரிதாக ‘அ’ போடுங்கள். “நீங்க பன்னிரண்டு பேரும் சேர்ந்து எழுதினது இதுதான்.”

அடுத்து ‘ஆ’ வேண்டும், யார் யார் அசைய வேண்டும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் மாறவேண்டியிருக்கும் என்று நினைப்பார்கள். கடைசிப் பிள்ளை உட்கார, பக்கத்திலிருக்கும் 2 எழுந்தால் போதும். அந்த 1 மறுபடி எழுந்தால் ‘இ’. ‘ஈ’க்கு 4, 2, 1 மூவரும் ஒரே நேரத்தில் உட்கார, 8 தனியாக எழ வேண்டும். 999 க்கு அடுத்து 1000 வரும்போது ஒன்பதுகள் எல்லாம் சுழியாவதும் இதுவும் ஒன்றா என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய வகுப்பு வெற்றி. கோப்பில் சேமிக்கும்போது இந்த எண் இன்னொரு விதமாகப் பொதியப்படும் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குப் பிறகு சொல்லலாம், முதல் நாளில் வேண்டாம்.

இந்த இடத்தில் நம் ஊர் மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985 இல் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற மென்பொருள், கணினியில் தமிழ் எழுத வழி திறந்தவற்றுள் ஒன்று. கைப்பேசியில் தமிழ் தட்டும் செல்லினமும், ஆப்பிள் கருவிகளில் இருக்கும் இணைமதி எழுத்துருவும் அவர் உருவாக்கியவை. தமிழ் இணைய மாநாடும் 2001 இல் இதே கோலாலம்பூரில் நடந்தது. தாங்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிற தமிழுக்குப் பின்னால் இந்த ஊர்க்காரர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது என்று, ‘அ’வாக எழுந்து நின்ற பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அது சிலிக்கன் பள்ளத்தாக்குக் கதையைக் கேட்பது போல இருக்காது.

இனிக் கருவிக்கு வருவோம். மைக்ரோபிட் என்பது உள்ளங்கையில் பாதி அளவே இருக்கும் சிறு கணினிப் பலகை. பிரிட்டனில் பிபிசி முன்னின்று 2016 இல் ஏறத்தாழ பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை இலவசமாகக் கொடுத்தார்கள். முகப்பில் 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், உள்ளே அசைவை அளக்கும் முடுக்கமானி. மேக்கோட் என்ற இணையதளத்தில் கட்டளைத் தொகுதிகளை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதலாம். பலகை இல்லாவிட்டாலும் அதே தளத்தில் திரைக்குள்ளேயே ஒரு போலிப் பலகை ஓடும். காசு செலவழிக்கும் முன் அதில் தொடங்குவதே நல்லது.

இதை வைத்து அடி எண்ணும் கருவி செய்வது உலகெங்கும் செய்யப்படும் பயிற்சி. நமக்கு மட்டும் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது: பத்துமலை. குகைக் கோயிலுக்கு ஏறும் படிகள் 272 என்பது ஊரறிந்த கணக்கு. கருவி காட்டும் எண் சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கடைசி நிலையம் அதுதான்.

வீட்டிலேயே தொடங்கலாம். முடுக்கமானியின் அளவைத் திரையில் காட்டும் நிரலை எழுதிவிட்டு, பலகையை மேசைமேல் அசையாமல் வையுங்கள். எந்த எண் வரும்? “சுழி, அதுதான் அசையவே இல்லையே” என்பார்கள். வருவது ஏறக்குறைய 1000. பலகை கெட்டுவிட்டது என்று முதலில் நினைப்பார்கள். இன்னொரு பலகையை எடுத்து வைத்தாலும் அதே 1000. பூமி எந்நேரமும் இழுக்கிறது, மேசை எந்நேரமும் தாங்குகிறது, பலகை அந்தத் தாங்கலை அளக்கிறது. புவியீர்ப்பு என்று அறிவியல் பாடத்தில் மனப்பாடம் செய்தது இங்கே எண்ணாகத் தெரிகிறது.

பிறகு பலகையைக் கணுக்காலில் கட்டி நடந்து பார்த்தால், பாதம் தரையில் பதியும்போது எண் துள்ளுவது தெரியும். ‘அளவு 1500 ஐத் தாண்டினால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்’ என்பதுதான் முதல் நிரல். ஓர் அடி வைத்ததும் எண்ணிக்கை நாலைந்து ஏறிவிடும். ஏன்? கால் பதிந்த அந்த ஒரு கணத்துக்குள் பலகை அளவைப் பல தடவை பார்த்துவிடுகிறது. பார்த்த தடவையெல்லாம் ஒன்று கூட்டியிருக்கிறது. இயந்திரம் சொன்னதை மட்டுமே செய்யும் என்ற பாடம் இங்கே மனத்தில் தைக்கும். ஒன்று கூட்டியதும் 300 மில்லிநொடி பொறு என்று ஒரு கட்டளை சேர்த்தால் சரியாகும். 300 தான் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 50 போட்டுப் பார்க்கட்டும், 2000 போட்டுப் பார்க்கட்டும்.

ஒரு நாள் காலையில், கூட்டம் சேருமுன் பத்துமலைக்குப் போங்கள். பக்தர்களின் வழியை மறிக்காமல் ஓரமாக ஏற வேண்டும், கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் விடாது. படிக்கு ஓர் அடியாக மாறி மாறிக் கால் வைத்து உச்சிக்குப் போனதும் பலகையைப் பார்த்தால் 272 இருக்காது. 136 க்குப் பக்கத்தில் இருக்கும். “பாதியைத்தான் எண்ணியிருக்கு!” பலகை கட்டிய கால் ஒன்றுவிட்டு ஒரு படியில்தானே பதிந்தது! வலக்காலில் கட்டியதால் இடக்காலின் அடிகள் அதற்குத் தெரியவில்லை. இரண்டால் பெருக்கலாம், அல்லது பலகையை இடுப்புக்கு மாற்றலாம். இடுப்பில் அதிர்வு குறைவு என்பதால் 1500 என்ற எல்லையைத் தாழ்த்த வேண்டியிருக்கும். இடைத்தளங்களில் நடந்த அடிகள், மூச்சு வாங்க நின்றபோது காலை ஆட்டியது என்று கணக்கு அங்கங்கே பிசகும். அதையெல்லாம் தேடிக்கொண்டே பிள்ளைகள் படியில் உட்கார்ந்து வாதாடுவார்கள். மணிக்கட்டில் கட்டும் கைக்கடிகாரங்களில் அடி எண்ணும் பொறியாளர்களுக்கும் இவைதான் தலைவலி.

இந்த முறையில் பெரியவருக்கு மிகக் கடினமான வேலை, சும்மா இருப்பது. பிள்ளையின் திரையில் தவறு கண்ணில் படும்போது விசைப்பலகைக்கு நம் கை தானாகப் போகும். போகக்கூடாது. நீங்கள் திருத்திய நிரல் உங்களுடையது, அந்த நொடியிலிருந்து பிள்ளை பார்வையாளர். “நீ என்ன நடக்கும்னு நெனச்சே? என்ன நடந்துச்சு?” இந்த இரண்டு கேள்விகளே போதும். அப்படியும் நகரவில்லை என்றால், நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் விரல் வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பாதித் தவறுகள் அப்படிப் படிக்கும்போதே பிடிபடும்.

இருவருக்கு ஒரு கணினி போதும், அதுவே நல்லதும்கூட. ஒருவர் விசைப்பலகையில் கை வைக்க, மற்றவர் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இந்த மாற்றத்தைக் கண்டிப்பாக நடத்தாவிட்டால் பையன்கள் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்வதும், பெண்பிள்ளைகள் குறிப்பு எழுதுபவர்களாக ஒதுங்குவதும் கண்முன்னே நடக்கும். நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை படிவம் 1 க்குப் போனதும் பாடம் மலாய்க்கு மாறுகிறது. புது மொழியையும் புது எண்ணத்தையும் ஒரே நாளில் தூக்கச் சொல்வது அதிகச் சுமை. எழுந்து நின்றவர் 1, உட்கார்ந்தவர் 0 என்று தமிழில் விளையாடிப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, ‘நொம்போர் பெர்டுவாஆன்’ (இரும எண்) என்ற தலைப்பைப் பாடநூலில் பார்க்கும்போது ஏற்கெனவே தெரிந்ததற்கு ஒரு மலாய்ப் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 8 முதல் 10 வயது என்றால் திடலில் நடக்கும் விளையாட்டும் ஐந்து அட்டைகளும், அதோடு ஸ்கிராட்ச். 10 வயதைத் தாண்டியவர்களுக்குப் பன்னிரண்டு அட்டைகளும் போலிப் பலகையும். உண்மைப் பலகை வாங்கும்போது நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து இரண்டு வாங்கினால் போதும். பலகையோடு மின்கலப் பெட்டியும் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் படியேறும்போது மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போக நேரிடும். விளக்கு, கம்பி, சிறு மோட்டார் போன்ற உதிரிகளுக்கு புடுவின் ஜாலான் பாசார் கடைகள் இருக்கின்றன. பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு வாங்கவிடுங்கள்.

13, 14 வயதில் தொகுதிகளை இழுத்துப் பொருத்துவது சலித்துப்போகும். “இது சின்னப் பசங்க வேலை” என்று சொல்லத் தொடங்கினால் வரிவரியாகத் தட்டி எழுதும் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. மைக்ரோபிட் பைத்தானையும் ஏற்கும். புதிய பாடத்தோடு தொடங்க வேண்டாம். பத்துமலைக்குக் கொண்டுபோன அதே நிரலைத் தொகுதி தொகுதியாகப் பார்த்துப் பைத்தானில் எழுதச் சொல்லுங்கள், பத்துப் பன்னிரண்டு வரிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு வரியும் என்ன செய்யும் என்று அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், வரியின் முன்னால் விட வேண்டிய இடைவெளியிலும் முக்காற்புள்ளி (:), அடைப்புக்குறிகளிலும் மட்டும் கவனம் வைத்தால் போதும்.